படியில் உறைந்த மஞ்சள்

படி காய்ந்துவிட்டது என்றுதான் வல்லிபுரம் முதலில் நினைத்தார். வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே வந்து, சப்பாத்தைக் கழற்றி, நிலத்தில் சூட்டுக்காற்று வரும் துவாரத்துக்கு மேலே பாதங்களைப் பிடித்து, விரல்களுக்கு மெல்ல உயிர் திரும்பியபின் முன்னறை யன்னலுக்குப் போனார். கண்ணாடியின் ஓரமெல்லாம் உறைபனி பனையோலைக் கீற்றுப்போலப் படர்ந்திருந்தது. நடுவில் பெருவிரலால் தேய்த்து, காசளவு வட்டம் செய்து, ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். ஆவி அடங்கியிருந்தது. மூன்று படியும் மங்கலாக, ஈரமே இல்லாததுபோலக் கிடந்தன. சுடுதண்ணீர் அல்லவா, சட்டென்று காய்ந்திருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொள்ளும்போதே ஒரு கறுத்த அணில் சுவரோரமாக ஓடிவந்து மேற்படியில் குதித்தது. குதித்த வேகத்தில் நாலு காலும் நாலு திசைக்குப் போக, வயிற்றால் சறுக்கி, கீழ்ப்படியையும் தாண்டிப் பனிக்குவியலுக்குள் தலைகீழாகப் போய் விழுந்தது. எழும்பி உடம்பை உதறிக்கொண்டு, இந்த வேலையைப் பார்த்தது நீதானே என்பதுபோல யன்னலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. காய்வதாவது. தை மாதத்தில் இந்த நாட்டில் தண்ணீர் எங்கே காய்கிறது? ஆறு மாரி கண்ட மனுசனுக்கு அது தெரியாதா? ஊற்றும்போது மஞ்சளாக ஓடிய தண்ணீர் இப்போது மஞ்சளாகவே நின்றுவிட்டது. உற்றுப் பார்த்தால் தெரிந்தது, சூப்பின தோடம்பழ இனிப்புப்போல ஒரு மினுக்கம்.

ஊற்றியிருக்கத் தேவையில்லை. தவமணி கேட்கவுமில்லை. பொங்கல் நாளில் வாசல் தெளிப்பது அவளுடைய வேலை. இந்த ஊருக்கு வந்தபிறகு அவள் அதைச் செம்புக்குள் விரலை விட்டு, கதவுக்கு உள்ளே நின்றபடி மூன்று துளி உதறி முடித்துவிடுவாள். இன்று காலை அதற்காகக் கதவைத் திறந்தவள் திறந்தபடியே நின்றாள். "இஞ்சருங்கோ, வந்து பாருங்கோவன். விடியவே அருளம்பலம் வந்து படியெல்லாம் வழிச்சுத் துடைச்சுப் போட்டார். எங்கட ஊர் முத்தம் மாதிரிக் கிடக்குது." எங்கட ஊர். அந்த இரண்டு சொல்லும் வல்லிபுரத்தின் நெஞ்சில் மீன்முள் மாதிரிக் குறுக்கே நின்றன. தவமணியின் ஊர் வலிகாமத்துச் செம்பாட்டு மண். அருளம்பலமும் அந்த மண்தான். ஒரே பள்ளிக்கூடம், அவள் ஒரு வகுப்பு முன்னே. வல்லிபுரத்தின் ஊரோ வடமராட்சி மணல். எங்கட என்றால் எவரெவர்? நாற்பத்தாறு வருசம் அவள் விளக்குமாறு பிடித்த முற்றம் வெள்ளை மணல் முற்றம். அதுவல்ல அவளுக்கு ஞாபகம் வந்தது. அவள் அடுப்படிக்குப் போனபிறகு அவர் கதவைத் திறந்து பார்த்தார். சீமெந்து தெரிய வழித்திருந்தது. ஓரங்கள் நூல் பிடித்ததுபோல. குற்றம் சொல்ல ஒரு சிராய் பனிகூட மிச்சமில்லை. அதுதான் பொறுக்கவில்லை. பொங்கல் நாளும் பெருநாளுமாகத் தன் வீட்டு வாசலை அயல்வீட்டு ஆம்பிளை ஒருவன் ஆயத்தம் பண்ணிவிட்டுப் போவதென்றால், வீட்டுக்காரன் என்று ஒருவன் எதற்கு? மிச்சமிருந்தது தெளிக்கிற வேலை மட்டும். குளியலறைக்குப் போய்ச் சத்தமில்லாமல் சுடுதண்ணீர் பிடித்து, சாமித்தட்டிலிருந்து மஞ்சள் போட்டுக் கலக்கி, தெளிக்கவில்லை, ஊற்றினார். முழு வாளியையும். ஆவி அவர் முகத்துக்கு எழும்பியபோது, ஊரில் அடைமழை விட்ட வெயிலில் நிலம் புகைகிற ஞாபகம் வந்து, ஒரு கணம் சந்தோசமாகக்கூட இருந்தது.

சரி, உப்புப் போட்டால் முடிந்தது. கராஜுக்குள் கதவோரம் உப்பு வாளி இருக்கிறது, உள்ளே மகன் போட்டுவைத்த கோப்பையும் இருக்கிறது, படிக்கு ஒரு கோப்பை போதும் அப்பா, கனக்கப் போட்டால் சீமெந்து வெடிக்கும் என்று அவன் சொல்லியிருக்கிறான். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். இங்கே பொங்கலுக்கு லீவு கிடையாது. வீட்டில் அவரும் தவமணியும்தான். வல்லிபுரம் போனார். போய் மூடியைத் திறந்து கோப்பையைக் கையில் எடுத்ததும் உண்மை. அந்த நேரம் பார்த்து அடுப்படியில் தவமணியின் போன் அடித்தது. "ஓமோம், பால் வைச்சிருக்கிறன். ஓம், நீங்கள் அந்த அடுப்பைக் கொண்டு வந்தால் சரி. ஐயோ, கரும்பும் வாங்கினியளே?" பிறகு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவருக்குத் தெரியும், தெரியும் என்றால் அது அவருக்காக வருகிற சிரிப்பல்ல என்பது தெரியும். வீட்டுச் சிரிப்பு வாயை மூடிக்கொண்டு மூக்கால் வருவது. இது பல் தெரிகிற சிரிப்பு, பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளையின் சிரிப்பு. கோப்பை வாளிக்குள் திரும்பப் போனது. அவர் போடவில்லை, அதுவாகத்தான் போனது. மூடியை அழுத்தினார். பிறகு பார்ப்போம் என்று நினைத்தார். பிறகு என்றால் எப்போது என்று நினைக்கவில்லை.

திரும்பி வந்து யன்னலடியில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தேய்த்த வட்டத்தின்மேல் உறைபனி மறுபடி மெல்லிய ஆடை போட்டிருந்தது, பால் ஆறினால் போடுகிற ஆடை, ஊதித் துடைத்தார். அருளம்பலம் அடுப்புக் கொண்டு வருகிறானாம். வெளியில் வைத்துப் பொங்குவதற்குக் காஸ் அடுப்பு. ஆறு பொங்கலும் தவமணி கறண்டு அடுப்பில், கூரைக்குக் கீழே, புகையறி மணி அடித்துவிடுமோ என்று பயந்து பயந்து பொங்கி, சூரியனுக்குக் காட்டாத பொங்கற்புக்கை என்ன புக்கை என்று ஒவ்வொரு முறையும் முணுமுணுத்தாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்ததைத் தவிர வேறென்ன செய்யலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. இவன் ஒரே ஒருதரம் கேட்டான், இதென்ன பெரிய விசயமோ, ட்ரைவ்வேயில வைச்சுப் பொங்குவம் என்றான். பெரிய விசயந்தான். உனக்குப் பெரிதில்லை. உனக்கு ஒன்றும் பெரிதில்லை. முப்பது வருசம் இந்த நாட்டு வீதியில் பனி வழிக்கிற லொறி ஓட்டினவன், பனி அவனுக்கு வளர்த்த நாய் மாதிரி, சொன்ன இடத்தில் கிடக்கும். தவமணிக்கு அவன் பனியை வகை பிரித்துக் காட்டியிருக்கிறான். "இது மாப்பனி, ஊதினால் போகும். இது ஈரப்பனி, இடுப்பை முறிக்கும், அண்ணை தொடக்கூடாது." அண்ணை தொடக்கூடாது! அன்று இரவே வல்லிபுரம் பனி அள்ளுகிற சவளை எடுத்துக்கொண்டு போய்ப் பாதிக்கு மேல் முடியாமல் மூச்சு வாங்க வந்து படுத்தார், விடியப் பார்த்தால் மிச்சப் பாதியும் துப்புரவாக இருந்தது.

விடியற்காலையில் அந்தச் சவள் சத்தம் கேட்கும். சர்ர், பிறகு ஒரு நிறுத்தம், பிறகு கொட்டுகிற பொத்தென்ற ஓசை. படுக்கையில் கிடந்தபடி அவர் அதை எண்ணுவார். எண்ணுவது அவருக்குக் கையோடு வந்த பழக்கம். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் சீனியும் அரிசியும் நிறுத்துக் கொடுத்த ஆள். வாங்குகிறவரின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுத் தராசு முள்ளையே பார்த்துப் பழகியவர். முள் நேரே நிற்கும்வரை ஒரு சிட்டிகை போடுவார், ஒரு சிட்டிகை எடுப்பார். குறைய நிறுத்தார் என்று ஒருவரும் சொன்னதில்லை. கூடப் போட்டார் என்றும் ஒருவரும் சொன்னதில்லை. தவமணி கலியாணம் முடித்து வந்த புதிதில் ஒருநாள் கேட்டாள், "ஒரு பிடி கூடப் போட்டால் சங்கம் தாழ்ந்து போமோ?" அதற்கு அவர் என்ன சொன்னார்? மறுபடி முள்ளைப் பார்த்தார். முள் நேரே நிற்க வேண்டும், அவ்வளவுதான். அருளம்பலம் கூடப் போடுகிற சாதி. படியை வழித்தால் பாதையையும் வழிப்பான், பாதையை வழித்தால் குப்பைப் பெட்டி வரைக்கும் வழிப்பான். அப்படியான ஆட்களைத்தான் எல்லாருக்கும் பிடிக்கிறது. சவள் சத்தம் சில நாளில் இடையில் நின்றுவிடும். எண்ணிக்கை நின்ற இடத்தில் இவர் மூச்சும் நிற்கும். பக்கத்தில் தவமணியின் இடம் காலியாக இருக்கும். அவள் தேத்தண்ணி வைக்க எழும்பியிருப்பாள். மார்கழியில் ஒருநாள் அப்படி நின்றபோது வெளிச்சம் வந்ததும் போய்ப் பார்த்தார். அருளம்பலத்தின் வீட்டுக் கதவிலிருந்து சப்பாத்து அடிகள் வந்திருந்தன, பெரிய அடிகள், அவசரமில்லாத அடிகள். அடுப்படி யன்னலுக்குக் கீழே வந்ததும் அவை திரும்பி, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், யன்னலைப் பார்த்தபடி நின்றிருந்தன. நின்று பேசிய கால்கள். எவ்வளவு நேரம் நின்றதோ, அடியில் பனி இறுகிக் கண்ணாடியாகியிருந்தது. நடக்கிற கால் அப்படி ஒரு தடம் வைக்காது. அவர் விளக்குமாற்றால் அதை அழித்தார். அழித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் அழிக்க வந்த தன்னுடைய அடிகள், சின்னதாக, குழம்பிப்போய், அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி. அதை எதால் அழிப்பது?

பேரும் அப்படித்தான் தேய்ந்தது. இவர்கள் வந்த புதிதில் தவமணியக்கா என்றான். ஒரே ஊர் என்று தெரிந்ததும் அக்கா என்றான். நவராத்திரிக்குச் சுண்டல் வாங்கிப்போக வந்தபோது, "தவமணி, உமக்கு ஞாபகமிருக்கோ, எங்கட கணக்கு வாத்தியார் கிணத்துக்கட்டில இருந்து நித்திரை கொள்ளுவார்" என்றான். எவ்வளவு சுகமாகச் சொன்னான். தவமணி. வாயில் போட்ட கற்கண்டு மாதிரி. வல்லிபுரம் அந்தப் பேரைச் சொன்னதே கிடையாது. கட்டின நாளிலிருந்து கூப்பிடுவது இஞ்சரும் என்றுதான். பிள்ளை பிறந்தபிறகும் இஞ்சரும்தான். விமானத்துக்குப் பத்திரம் நிரப்பினபோது அதிகாரி மனைவியின் பேரைக் கேட்க, இவர் நாக்குப் புரளாமல் அவளைக் கையால் காட்டினார், அவளே சொன்னாள். வெட்கந்தான். அது மட்டுமென்றும் இல்லை. தன்னிடத்தில் உள்ளதிலேயே விலை கூடியது அது, எடுத்துச் செலவழித்தால் தீர்ந்துபோம் என்பதுபோல் வைத்திருந்தார். வைத்திருந்து என்ன கண்டார்? வேறொருத்தன் எடுத்துச் செலவழிக்கிறான்.

வெளியே பொடிப்பனி தூறத் தொடங்கியது. தூறல் என்றும் சொல்ல முடியாது, யாரோ மேலே இருந்து அரிசிமா அரிக்கிறதுபோல. கீழ்ப்படியில் ஒரு வெள்ளைப் பூச்சு, பிறகு நடுப்படியில், பிறகு மேலே. மஞ்சள் மறைந்தது. மினுக்கமும் மறைந்தது. இப்போது பார்க்கிறவனுக்கு அது படி, அதன்மேல் ஊதினால் போகிற மாப்பனி, அவ்வளவுதான். முப்பது வருசம் லொறி ஓட்டினவனுக்கும் அவ்வளவுதான். காஸ் அடுப்பு பாரம். அதை இரண்டு கையாலும் தூக்கி வருவான், கை பிடிக்க இடமில்லை. கதவு மணியை அடிக்க முதற்படியில் கால் வைப்பான், வைத்தால் அணில்தான். நாலு திசை. அந்த உடம்பு விழுகிற சத்தம் எப்படி இருக்கும் என்று நினைத்தார், நினைத்த உடனே பொத்தென்ற ஓசை காதுக்குள் விழுந்துவிட்டது. இடுப்பு எலும்பு போகும். இந்த வயதில் இடுப்பு போனால் சவள் பிடிக்க முடியாது. விடியற்காலை அமைதியாக இருக்கும். யன்னலுக்குக் கீழே யாரும் நிற்கப்போவதில்லை. அம்புலன்ஸ் வரும், ஆஸ்பத்திரியில் கட்டிலை உயர்த்தி வைத்திருப்பார்கள், பெண்சாதி இல்லாத மனுசன், பிள்ளைகளும் எங்கேயோ மேற்கே, ஆர் பார்ப்பது? தவமணிதான் பார்ப்பாள். சுடுபோத்தலில் மல்லி ரசம் கொண்டு போவாள். குரக்கன் புட்டு அவித்துக் கொண்டு போவாள். பஸ் எடுக்கப் பழகிவிடுவாள். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு கணக்கு வாத்தியாரையும் கிணத்துக்கட்டையும் பற்றிப் பின்னேரம் முழுக்கக் கதைப்பாள், பல் தெரியச் சிரிப்பாள். ஐயோ, அதைவிடச் சவள் பிடிக்கிறதே நல்லது! விழுந்தாலும் அவன்தான் வெல்கிறான். எழும்பு, போய் உப்பைப் போடு. எழும்பவில்லை. விழுத்தவேண்டும் என்று யார் நினைத்தது? நான் வாசல் தெளித்தேன். வாசல் தெளிக்கிறது ஒரு குற்றமா? தமிழன் செய்கிறதுதானே. அவன் பார்த்து வரவேண்டும். பார்த்து வரட்டும், இல்லாவிட்டால் மெல்ல விழட்டும், ஒரு சிராய்ப்பு, ஒரு வெட்கம், தவமணிக்கு முன்னால் ஒரே ஒரு வெட்கம், அவ்வளவு போதும், முள் நேரே நின்றுவிடும். ஆனால் விழுகிறதை நிறுத்துப் போடத் தராசு இல்லை. அதுவும் அவருக்குத் தெரியும்.

முதல் மாரியில், வந்து இறங்கிய கிழமை, இரண்டு பேருமாக இதே யன்னலில் நின்றார்கள். முதற்பனி. தவமணி கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள், எடுத்தபோது கை அப்படியே கண்ணாடியில் இருந்தது, ஐந்து விரலும், நடுவில் ரேகையும். "என்ர கையைப் பாருங்கோ" என்றாள். அவர் பார்த்தார். பக்கத்தில் தன் கையையும் வைக்கவேண்டும்போல இருந்தது. வைக்கவில்லை. மகன் அறைக்குள் வந்துவிடுவானோ என்று. அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாக நீராகி வடிந்ததை அவர்தான் கடைசிவரை நின்று பார்த்தார். அவள் அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள். இதை எந்தக் கணக்கு வாத்தியாரோடு நிறுப்பது.

பக்கத்து வீட்டில் அருளம்பலத்தின் கதவு திறந்தது. கழுத்தைச் சுற்றிச் சால்வை, தலையில் காது மூடும் தொப்பி, இரண்டு கையிலும் அடுப்பு, கக்கத்தில் கரும்புத் துண்டு. வருகிறான். பாதை நடுவே, தானே வழித்த பாதையில், ராசா மாதிரி. வல்லிபுரம் கதிரையின் கையைப் பிடித்தார். எழும்பப் பிடித்தாரா, எழும்பாமல் இருக்கப் பிடித்தாரா என்று அவருக்கே விளங்கவில்லை. இன்னும் பத்துப் பதினைந்து அடி. கத்தினால் கேட்கும். எப்படிக் கத்துவது, என்ன சொல்லிக் கத்துவது, படியில் ஐஸ் என்றா, ஐஸ் எப்படி வந்தது என்று கேட்டால்? பின்னால் நடையில் சேலை உரசுகிற சத்தம். அவர் திரும்பினார். தவமணி. பொங்கல் சேலைக்கு மேலே மகனின் பழைய ஜக்கெற், காலில் சப்பாத்து, இரண்டு கையாலும் பால் தளும்பும் புதுப்பானை, பானையின் கழுத்தில் மஞ்சள் இலைக்கொத்துக் கட்டி. கராஜ் வழியாகத்தான் போவாள் என்றல்லவா நினைத்திருந்தார்!

"எங்கால போறீர்?" என்றார்.

"இதென்ன கேள்வி? முன்வாசலால. சப்பாத்துக் குவியலையும் குப்பைப் பெட்டியையும் கடந்தே பொங்கல் பானை கொண்டு போறது?" சொல்லிக்கொண்டே முழங்கையால் கதவுப் பிடியை அமத்தினாள். கதவு திறந்தது. குளிர் உள்ளே பாய்ந்தது. வெள்ளைப் படி மூன்றும், அவற்றின் அடியில் அவன், அவன் முகம் மலர்ந்து, வாயில் அந்தப் பேர் வரப்போகிறது, அவள் வலது கால் நிலைப்படியைத் தாண்டி அந்தரத்தில்.

"தவமணி!"

அது தன்னுடைய குரல் என்று வல்லிபுரத்துக்கு உடனே தெரியவில்லை. நெஞ்சைக் கிழித்துக்கொண்டு வந்தது. வீதிக்கு அந்தப் பக்கம் பனி வழித்துக்கொண்டிருந்த சீனக் கிழவர்கூட நிமிர்ந்து பார்த்தார். அவள் கால் அப்படியே நின்றது. பானைப் பால் ஒருதரம் விளிம்புக்கு வந்து, சிந்தாமல் திரும்பிப் போனது. கீழே அருளம்பலமும் கல்லாக நின்றான். கால் மெல்ல உள்ளே வந்தது.

"என்ன சொன்னியள்?"

"படியில ஐஸ். நான்தான் தண்ணி ஊத்தினனான். சுடுதண்ணி."

"அது இல்லை. அதுக்கு முதல் என்ன சொன்னியள்?"

வல்லிபுரம் நிலத்தைப் பார்த்தார். காது இரண்டும் எரிந்தன. அவள் பானையை இடுப்போடு அணைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூக்கு நுனி சிவந்திருந்தது, குளிராக இருக்கலாம். "எப்பவோ ஊத்தியிருப்பியள்" என்றாள் பிறகு, மெதுவாக. "இவ்வளவு நேரமும் உதிலதானே இருந்தனீங்கள்." அவள் பதிலுக்கு நிற்கவில்லை. "உப்பைக் கொண்டு வாங்கோ. பால் ஆறுது."

அவர் வாளியோடு வந்தார். சப்பாத்துப் போட நினைவு வரவில்லை, வீட்டுச் செருப்புத்தான். நிலைப்படியில் குந்தி, மேற்படியில் ஒரு கோப்பை போட்டார். நடுப்படிக்கு ஒரு கோப்பை. பிறகு கோப்பையை உள்ளே எறிந்துவிட்டுக் கையாலேயே அள்ளினார், பிடி பிடியாக, சீமெந்து வெடித்தால் வெடிக்கட்டும். உப்பு விழுந்த இடமெல்லாம் பொரிகிற சத்தம், பனிக்குக் கீழே மஞ்சள் வெடித்து வெளியே வந்தது. குந்தியபடியே படிபடியாக இறங்கிக் கடைசிப் படிக்கு வந்தபோது எதிரே பெரிய சப்பாத்து இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அந்த அடிகளை அவருக்குத் தெரியும். அவற்றைச் சுற்றியும் ஒரு பிடி போட்டார். வாளி காலி.

"என்ன அண்ணை, மஞ்சள் எல்லாம் போட்டுத் தெளிச்சிருக்கிறியள்!" அருளம்பலம் அடுப்பைப் பனியில் இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தான். "என்னைச் சறுக்கி விழுத்தி, மஞ்சள் பூசி அனுப்பப் பாத்தியளோ?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். பகிடிக்குத்தான் சொன்னான். வாசலில் தவமணி சிரிக்கவில்லை.

வல்லிபுரம் எழும்பப் பார்த்தார். முழங்கால் நிமிரவில்லை, செருப்புக்குள் விரல்கள் செத்திருந்தன. அருளம்பலம் கையுறையைக் கழற்றிக் கையை நீட்டினான். அவர் அந்தக் கையைப் பார்த்தார், மேலே வாசலைப் பார்த்தார், பிடித்தார். இந்தக் குளிரிலும் அது சூடாக இருந்தது. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கால் ஊன்றி நிற்கும்வரை விடவில்லை.